தேர்தல் பிரசாரத்தில் மறைகுறிப்பு முறையீடு

மறைகுறிப்பு முறையீடு என்பது, தேர்தலில் நிற்கும் ஓர் அபேட்சகரோ அவருக்காகப் பேசுவோரோ, இனம், ஜாதி, மதம், பாஷை ஆகியவற்றின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே, அந்தப் பேதத்தைக் கேட்போர் நெஞ்சில் எழுப்பவல்ல ஒரு சொல்லையோ, பெயரையோ, படத்தையோ, பழைய நினைவையோ கையாண்டு வாக்குக் கோருவதாகும். வெளிப்படையான துவேஷப் பேச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், முன்னதைச் சொன்னவர் பிறகு மறுக்க முடியாது என்பதும், பின்னதைச் சொன்னவர் மறுப்பதற்கான வழியைப் பேசும்போதே வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதுமே. ஆகவே இத்தகைய முறையீட்டைப் பற்றி எழும் விவாதங்களில் அந்த வாக்கியம் சொல்லப்பட்டதா என்பது அநேகமாகக் கேள்வியாவதில்லை; அச்சிட்ட தாளும் ஒலிப்பதிவும் கண்முன்னே இருக்கும். அதன் தாத்பரியம் என்ன, அதை நிர்ணயிக்க வேண்டியவர் சொன்னவரா, கேட்டவரா, இருவருமல்லாத ஒரு நடுவரா என்பதே கேள்வி.

இவ்விஷயத்தை அறிய, திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிக்கு மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆர்.கே.பேட்டை போன்ற ஓர் ஊரிலிருந்து தொடங்குவது நலம். ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதன் சுருக்கமே இப்பெயர். தறிகளின் சப்தம் ஓயாத இந்த வட்டாரத்தில், வீட்டில் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள். ஒரே வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கிறார்கள். 1911-இல் சித்தூர் ஜில்லா அமைந்தபோது திருத்தணிப் பகுதி அதனுள் சென்றது, 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது ஜில்லாவோடு சேர்ந்து அதுவும் அங்கே போயிற்று, ம.பொ.சிவஞானம் அவர்களும் மங்கலங்கிழார் முதலியோரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் அவர்கள் தந்த தீர்ப்பின்படி 1959-இல் இயற்றப்பட்ட எல்லைமாற்றச் சட்டத்தின் வாயிலாகவும், 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. 1950-இல் இங்கே பிறந்த ஒருவர், தம் வீட்டுத் திண்ணையை விட்டு அசையாமலே, சென்னை, ஆந்திரம், மறுபடி சென்னை, 1969-க்குப் பிறகு தமிழ்நாடு என்று ராஜ்யம் மாறியிருக்கிறார். இத்தகைய ஊரில், எல்லைக்காகச் சிறை சென்றோரை நினைவுகூருமாறு ஒரு மேடையில் கேட்டுக்கொண்டால், ஒரு வீட்டில் அது தேசபக்தியாகவும், பக்கத்து வீட்டில் ‘நீ இந்த மண்ணுக்கு உரியவன்தானா’ என்ற விசாரணையாகவும் கேட்கக்கூடும். பேசியவருக்கு அந்த உத்தேசம் கடுகளவும் இல்லாதிருக்கலாம், இருந்தும் இருக்கலாம். மறைகுறிப்பைப் பற்றிய தகராறு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது.

தமிழகத் தேர்தல்களில் இம்முறை புதிதன்று. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத் தேர்தலிலேயே அது இருந்தது. 1952-இல் தென்னார்க்காட்டில் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார் தலைமையில் உழைப்பாளர் கட்சியும், வடஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் எம்.ஏ.மாணிக்கவேலு நாயகர் தலைமையில் காமன்வீல் கட்சியும் போட்டியிட்டு, சென்னைச் சட்டசபையில் முறையே 19, 6 இடங்களைப் பெற்றன. ஒன்றின் பெயர் உழைப்பவரைச் சுட்டுவது. மற்றொன்றின் பெயர் பொதுநலத்தைச் சுட்டுவது. இரண்டிலும் ஜாதியின் வாடையே இல்லை. ஆயினும் இவ்விரு கட்சிகளும் வன்னியர் சமூகத்தின் பலத்தின்மேல் எழுந்தவை என்பதை அந்த ஜில்லாக்களில் அறியாதவர் இல்லை. இதைக் கபடம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அந்த மக்களில் பெரும்பாலோர் மெய்யாகவே நிலத்தில் உழைத்தவர்கள், பெயர் பொய்யன்று. ஆனால் உழைத்தவர் எல்லோரையும் அது அழைக்கவில்லை என்பதும் மெய்யே. மாணிக்கவேலு நாயகர் ராஜாஜியின் மந்திரிசபையிலும், படையாட்சியார் 1954-இல் காமராஜரின் மந்திரிசபையிலும் இடம்பெற்றதும், அக்கட்சிகள் காங்கிரஸில் கரைந்ததும் பின்கதை.

அதே 1954-இல் நிகழ்ந்த மற்றோர் உதாரணம் இன்னும் நுட்பமானது. ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர், சட்டசபை உறுப்பினராகும்பொருட்டுக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். காங்கிரஸைப் பல காலமாகக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியார் ஈ.வெ.ரா., அவரைப் ‘பச்சைத் தமிழர்’ என்று போற்றி ஆதரித்தார். புகழ்ச்சியாகவே அமைந்த இச்சொல்லில் யாரைப் பற்றியும் நிந்தை இல்லை. எனினும், ஒருவரைப் பச்சைத் தமிழர் என்றால் அப்படியல்லாதவர் யாரோ உளர் என்பது தானே பெறப்படும். அவர் யார் என்பதை, ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தைப் பற்றிய சர்ச்சையின் சூடு ஆறாதிருந்த அந்த மாதங்களில், குடியாத்தத்து வாக்காளருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மறைகுறிப்பு எப்போதும் வசையாகவே வரும் என்று எண்ணுவோர் இந்த உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். இகழ்ச்சியைவிடப் புகழ்ச்சியின் மூலமே அது அதிக தூரம் செல்கிறது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். பின்னாளில், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்த எம்.ஜி.ஆர். 1972-இல் தனிக்கட்சி கண்டபோது, அவருடைய பூர்வீகத்தை எதிராளிகள் மேடைதோறும் நேரிடையாகவே பேசினார்கள். 1977-இல் அவர் முதலமைச்சரானதே அதற்குக் கிடைத்த பதில். மறைத்துச் சொன்ன புகழ் பலித்ததும், திறந்து சொன்ன பழி பலிக்காமற்போனதும் ஆராய்ச்சிக்குரியவை.

இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் வாய்மூடியிருக்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இல் இயற்றப்பட்ட காலத்திலேயே, ஜாதி, இனம், சமூகம், மதம் ஆகியவற்றின் பேரில் திட்டமிட்டுத் தொடர்ச்சியாக வாக்குக் கேட்பதைத் தவறான நடவடிக்கையாக எண்ணியது. 1961-இல் செய்த திருத்தம் அந்தத் ‘திட்டமிட்டுத் தொடர்ச்சியாக’ என்ற நிபந்தனையை நீக்கி, ஒருமுறை கேட்டாலும் குற்றமே என்றாக்கியதுடன், பட்டியலில் மொழியையும் சேர்த்தது. திருத்தணி சென்னையுடன் இணைந்த மறுவருஷம் அது. ராஜ்யங்களைப் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரித்து முடித்த ஒரு தேசம், மொழியின் பேரால் வாக்குக் கேட்பதை உடனே தடுக்க முற்பட்டதில் ஒரு விநோதம் இல்லாமலில்லை. 123-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவாக இன்று நிற்கும் இவ்விதி, வெளிப்படையான கோரிக்கைக்குத் தெளிவாகப் பொருந்துகிறது. மறைகுறிப்புக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு ஆராய வேண்டியதாயிற்று.

அவ்வழக்குகளுள் தலையாயது, 1964-இல் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தீர்ப்பளித்த குல்தார் சிங் – முக்தியார் சிங் வழக்கு. 1962-ஆம் வருஷத்துப் பஞ்சாப் சட்டசபைத் தேர்தலில் அகாலி தளத்தின் சார்பில் நின்ற குல்தார் சிங்குக்காக ஒட்டப்பட்ட சுவரொட்டிகள், ‘பந்த்’தின் மானத்தைக் காக்குமாறு வாக்காளரை வேண்டின. பந்த் என்பது சீக்கிய சமயத்தைக் குறிக்கும், ஆகவே இது மதத்தின் பேரால் விடுத்த முறையீடு என்றது எதிர்த்தரப்பு. அகாலி தளம் என்னும் கட்சியைத்தான் குறிக்கும் என்றது வென்ற தரப்பு. பிரசுரத்தைச் சாதாரண வாக்காளர் எவ்வாறு புரிந்துகொள்வாரோ அவ்வாறே, தேர்தல் காலத்துச் சூழ்நிலையையும் மனத்தில் கொண்டு, முழுமையாகப் படிக்க வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், அச்சுவரொட்டிகளில் அச்சொல் கட்சியையே குறித்தது என்று முடிவுசெய்து தேர்தல் செல்லும் என்றது. முடிவைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் அளவுகோல் சரியானது. அகராதியின் பொருளை மட்டும் அது பார்க்கவில்லை. அந்த ஊராரின் செவியைக் கேட்டது. அதே காலத்தில் ஜக்தேவ் சிங் சித்தாந்தி வழக்கில், ஒரு மொழியைப் பாதுகாக்கப் பாடுபடுவேன் என்று வாக்குறுதி தருவது மொழியின் பேரால் வாக்குக் கேட்பதாகாது என்றும் தீர்ப்பாயிற்று. இந்த வேறுபாடு எல்லைப்புற ஊர்களுக்கு மிகவும் வேண்டியது. தெலுங்கு கற்பிக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஓர் அபேட்சகர் பேசுவது பேதமன்று, கோரிக்கை.

1995 டிசம்பர் 11-ஆம் தேதி மஹாராஷ்டிர வழக்குகளில் நீதிபதி ஜே.எஸ்.வர்மா அளித்த தீர்ப்புகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. ‘ஹிந்துத்வம்’ என்ற சொல்லை எடுத்ததனாலேயே அது மதத்தின் பேரால் செய்த முறையீடாகிவிடாது, சந்தர்ப்பத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், 1987-ஆம் வருஷத்து விலே பார்லே இடைத்தேர்தலில் வென்ற ரமேஷ் பிரபுவின் வெற்றியை, பிரசாரப் பேச்சுகளின் தன்மையை முன்னிட்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உறுதிப்படுத்தியது. பிறகு 2017 ஜனவரி 2-ஆம் தேதி, அபிராம் சிங் வழக்கில் எழுவர் கொண்ட அமர்வு, நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், அபேட்சகருடைய ஜாதி, மதம், மொழி மட்டுமன்றி வாக்காளருடையவற்றின் பேரால் வாக்குக் கேட்பதும் குற்றமே என்றது. மாறுபட்ட மூவருக்காக எழுதிய நீதிபதி சந்திரசூட், ஜாதியாலும் மொழியாலும் வஞ்சிக்கப்பட்டவர் அந்த வஞ்சனையைத் தேர்தலில் பேசுவதையும் இது தடுத்துவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சம் லேசாகத் தள்ளக்கூடியதன்று. ஜாதியைச் சொல்லாதே என்ற கட்டளை, ஜாதியைச் சொல்லாமல் நடத்தத் தெரிந்தவரைத் தொடுவதில்லை. குறையைச் சொல்ல வந்தவரைத்தான் முதலில் பிடிக்கிறது.

அமெரிக்காவில் இவ்விவாதம், ஜனாதிபதி பதவிக்கான கட்சியின் அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்களிலும் எழுகிறது. கட்சி ஒன்றேயாதலால் கொள்கை வேற்றுமை குறைந்து, ஆள் வேற்றுமை மிகுவது ஒரு காரணமாகலாம். 1988-இல் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சி விவாதத்தில் ஆல் கோர், மாஸாசூசெட்ஸ் சிறைக்கைதிகளுக்கு விடுப்புத் தரும் திட்டத்தைப் பற்றி, அம்மாநில கவர்னரும் சக அபேட்சகருமான டுகாகிஸைக் கேட்டார். இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சில மாதங்களில் அதே விஷயம், விடுப்பில் சென்று குற்றம் புரிந்த ஒரு கறுப்பினக் கைதியின் படத்தோடு, குடியரசுக் கட்சி அபேட்சகர் புஷ்ஷுக்கு ஆதரவான விளம்பரமாகத் தொலைக்காட்சியில் வந்தது. 2008 ஜனவரி 26-இல் தென் கரோலினாவில் ஒபாமா வென்றபோது, கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்ஸனும் 1984-இலும் 1988-இலும் அங்கே வென்றவர்தாம் என்று, போட்டி அபேட்சகரின் கணவரான பில் கிளின்டன் கூறினார். அவருடைய ஆதரவாளர் அது சரித்திரம் என்றார்கள்; மற்றவர்கள், ஒபாமாவைக் கறுப்பர்களின் அபேட்சகர் என்ற கூண்டில் அடைப்பது என்றார்கள். சொன்னது உண்மையென்று காட்டிவிட்டால் குறிப்பு இல்லையென்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் கிடைப்பது அரிது.

நம்மவர் செவிக்கு அண்மையான உதாரணங்களும் உண்டு. மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட, துணை ஜனாதிபதி பதவிக்கு நின்ற கமலா ஹாரிஸின் பெயரை, 2020 அக்டோபரில் ஜார்ஜியாவின் மேகன் நகரக் கூட்டத்தில் செனட்டர் டேவிட் பெர்டியூ பலவாறாகத் திரித்து உச்சரித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். உச்சரிப்புப் பிழைதான் என்று அவர் தரப்பு சமாதானம் கூறியது. 2024 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில், பஞ்சாபியப் பெற்றோருக்குத் தென் கரோலினாவில் பிறந்த நிக்கி ஹேலியை, டொனால்ட் டிரம்ப் அவருடைய பிறப்புப் பெயரான நிமரதா என்பதைச் சிதைத்து எழுதி வந்தார். ஒருவரை அவருடைய பெயரால் அழைப்பது குற்றமாகுமா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஏன் அந்தத் தேர்தலில், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் அவ்வளவு கடினமில்லை.

இதை எதிர்கொள்வது எவ்வாறு என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. டாலி மெண்டல்பெர்க் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், குறிப்பு மறைந்திருக்கும்வரைதான் அதற்குப் பலம், யாரேனும் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டிவிட்டால் வாக்காளர் வெட்கி ஒதுங்குவர் என்றார். 2006-இல் ஹூபரும் லபின்ஸ்கியும் செய்த சோதனைகள் அதை ஒப்பவில்லை. நம் நாட்டு அனுபவம் இரு தரப்புக்கும் பாதி இடம் கொடுக்கிறது. எம்.ஜி.ஆர். விஷயத்தில் திறந்த பேச்சுப் பலிக்கவில்லை. பல தொகுதிகளில் இன்று, கட்சிகள் தொகுதியின் ஜாதிக் கணக்கைப் பார்த்தே அபேட்சகரை நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வெட்குவதாகத் தெரியவில்லை. சுட்டிக்காட்டுதலும் ஒரு பிரசார ஆயுதமாகிவிட்டது என்பதை மறைக்கக்கூடாது. எதிராளியின் எந்தச் சொல்லிலும் இனத்துவேஷத்தைக் கண்டுபிடித்துத் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே பரிசோதனை ஊரளவில்தான் நடக்க முடியும். நெசவு சிலருக்குத் தொழிலாகவும் சில சமூகங்களுக்குக் குலத்தொழிலாகவும் உள்ள ஆர்.கே.பேட்டையில், நெசவாளரைக் காப்போம் என்னும் சுவரொட்டி என்ன சொல்கிறது என்பதை, 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தரப்படுவதைப் பற்றி அதே அபேட்சகர் ஏதேனும் பேசுகிறாரா என்று பார்த்து அறியலாம். தறி வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்துவதைப் பேசினால் அது கொள்கை. தறியைப் பற்றிப் பேசாமல் நெசவாளர் ‘நம்மவர்’ என்று மட்டும் பேசினால், யாருடைய நம்மவர் என்று தெருவாசிகளே சொல்லிவிடுவார்கள். தேர்தல் வழக்குகளில் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர் அவர்களே. தவறான நடவடிக்கை என்ற குற்றச்சாட்டைக் கிரிமினல் குற்றத்தைப் போலவே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் வற்புறுத்துவதால், ஊரார் சாட்சியமின்றி இவ்வழக்குகள் நிலைப்பது கடினம். திருத்தணித் தொகுதியின் வாக்காளர் எவரும், முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்யலாம். குற்றம் நிரூபணமானால் வெற்றி ரத்தாவதோடு, வென்றவர் 6 ஆண்டுகள் வரை தேர்தலில் நிற்கும் தகுதியையும் இழக்கக்கூடும்.