எம்.சி.ஆர். செருப்பு

எம்.சி.ஆர். செருப்பு என்பது உணர்ச்சி மரத்துப்போன பாதங்களுக்கென உருவான காலணி. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்னும் நுண்துளை ரப்பரால் இப்பெயர் பெற்றது. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் தொழுநோய்ச் சிகிச்சையோடு சேர்ந்து இது வளர்ந்தது.

தொழுநோய் சதையை அழுகச் செய்து விரல்களை உதிர்க்கிறது என்றே 1940களில் பரவலாக நம்பப்பட்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகள் எப்படி நடக்கிறார்கள், எதைப் பிடிக்கிறார்கள் என்று அருகிருந்து கவனித்தனர். நோய் நரம்பைத் தாக்கி வலியைப் பறிக்கிறது. புண்ணை உண்டாக்குவது அன்றாட வாழ்க்கை என்பது தெளிவாயிற்று. நலமான பாதம் நெடுந்தூரம் நடந்து நோகத் தொடங்கினால், நடப்பவர் தம்மையறியாமல் எடையை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார். மரத்த பாதமோ ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப ஊன்றும். தோலுக்கடியில் சதை நைந்து, கடைசியில் புண்ணாக உடையும்.

செருப்பின் ஒவ்வொரு உறுப்பும் இதிலிருந்தே பிறந்தது. உள்ளே, எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும் மெத்தென்ற ரப்பர்; மிக மென்மையானால் நசுங்கிப்போகும், கடினமானால் பயனில்லை. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டியும் தைத்தும் செய்ய வேண்டும், ஏனெனில் மேலெழும் ஆணி காலைக் கிழித்தாலும் அணிந்தவருக்குத் தெரியாது. விரலிடுக்கில் வார் வைக்கும் ஹவாய் செருப்பு இவர்களுக்கு ஆகாது: அது நழுவுவதும் தெரியாது, விரலிடுக்கு அறுபடுவதும் தெரியாது. ஆகவே அகலமான வாரும் குதிகால் பட்டையும் வந்தன. விரல் மடங்கிய கைகளுக்குக் கொக்கியைவிட ஒட்டுப்பட்டை எளிது.

பாதத்தைக் காத்த இச்செருப்பு நோயை ஊருக்கும் காட்டிக்கொடுத்தது. அதன் தனித் தோற்றத்துக்கு அஞ்சிப் பலர் அணியாமல் ஒதுக்கினர். அணிபவரின் கூச்சமும் வடிவமைப்புக்குள் அடங்கும் என்பது தாமதமாகவே உணரப்பட்டது. பிறகுதான் கடைச் செருப்பை ஒத்த வடிவங்களும் நிறங்களும் வந்தன.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு வளர்ந்த பாதப் பாதுகாப்பு முறைகள் நீரிழிவால் மரத்த பாதங்களுக்கும் பயன்பட்டன. தமிழ்நாட்டின் நீரிழிவு மருத்துவர்களும் இன்று இச்செருப்பைப் பரிந்துரைக்கின்றனர். திருவண்ணாமலையின் சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் நடக்கும் நீரிழிவு நோயாளிக்கு, வெயில் ஏறிய தார்ச்சாலை மெய்யான ஆபத்து.

நாளடைவில் ரப்பர் அமுங்கித் தன் தன்மையை இழப்பதால் செருப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் இதை இலவசமாக வழங்குகிறது.