ஓய்வெடுத்த இதயம், ஊசி போட்ட இதயம்

இந்த எபிசோடு லேப்ல ஆரம்பிக்கல, திருச்சி காந்தி மார்க்கெட்ல ஆரம்பிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு வெங்காய லாரி வந்து நிக்கும். எங்க பெரியப்பா முப்பது வருஷம் அங்க மூட்டை இறக்கினவர். போன வருஷம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சது. எக்கோ எடுத்தோம். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் இடது கீழறை ரத்தத்துல பாதிக்கு மேல வெளியே தள்ளும். அவருக்கு 20 சதவீதம்.

அடுத்த வாரமே யாரோ ஒரு நோட்டீஸைக் கொண்டு வந்து கொடுத்தாங்க. ஸ்டெம் செல் ஊசி, ஆபரேஷன் தேவையில்லை, இதயம் புதுசா வளரும்னு போட்டிருந்தது. செலவு பல லட்சம். பெரியம்மா வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேஜை மேல வெச்சுட்டாங்க. "நீ படிச்ச புள்ள. சொல்லுடா, நம்பலாமா?"

நான் டாக்டர் இல்ல, வரலாறு பேசுறவன். அதனால எனக்குத் தெரிஞ்ச வழியில தேடினேன்.

முதல்ல பம்ப் கதை. 1967 டிசம்பர்ல கேப் டவுன்ல கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதய மாற்று சிகிச்சை செஞ்சார். நோயாளி 18 நாள் உயிரோட இருந்தார். ரெண்டே மாசத்துல பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில பி.கே. சென் முயற்சி பண்ணினார். அந்த நோயாளி சில மணி நேரம்தான் தாங்கினார். இந்தியாவுல வெற்றி கிடைச்சது 1994 ஆகஸ்ட்ல, டெல்லி எய்ம்ஸ்ல, வேணுகோபால் கையால. உறுப்பு மாற்றுச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான்.

தமிழ்நாட்டுக்குத் திருப்புமுனை 2008. திருக்கழுக்குன்றத்துப் பையன் ஹிதேந்திரனோட இதயத்தை எடுத்துக்கிட்டு, போலீஸ் வழிவிட, சென்னை டிராஃபிக்ல வண்டி 11 நிமிஷத்துல முகப்பேர் போய்ச் சேர்ந்தது. 'சென்னையில் ஒரு நாள்' படம் பார்த்தவங்களுக்கு அந்த ஓட்டம் புரியும். ஆனா தானமா கிடைக்கிற இதயங்கள் எப்பவுமே குறைவு, காத்திருக்கிறவங்க அதிகம். அந்த இடைவெளியில உயிரைப் பிடிச்சு வைக்கத்தான் மெஷின்.

1982-ல அமெரிக்காவுல பார்னி கிளார்க்ங்கிற பல் டாக்டருக்கு ஜார்விக்-7 முழு செயற்கை இதயம் வெச்சாங்க. பெரிய காற்றழுத்த மெஷினோட பிணைச்சு வெச்ச மாதிரி 112 நாள் வாழ்ந்தார். அதுக்கப்புறம் இதயத்தையே எடுக்காம, பக்கத்துல ஒரு உதவி பம்ப் வைக்கிற எல்வேட் வளர்ந்தது. இடது கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி பெருநாடிக்குத் தள்ளும். வயிற்றுத் தோல் வழியா ஒரு கேபிள் வெளியே வரும், பேட்டரி இடுப்புல. 2001-ல 129 பேரை வெச்சு நடந்த ரீமேட்ச் ஆய்வுல, பம்ப் வெச்சவங்கள்ல 52 சதவீதம் பேர் ஒரு வருஷம் தாண்டினாங்க. மாத்திரை மட்டும் எடுத்தவங்கள்ல 25 சதவீதம். பின்னாடி வந்த பம்புகள் ரத்தத்தை விடாம ஓட்டுறதால, பல பேருக்கு மணிக்கட்டைப் பிடிச்சா நாடியே கிடைக்காது. ஆள் எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சுட்டிருப்பார்! சென்னையில கே.ஆர். பாலகிருஷ்ணன் மாதிரி சர்ஜன்கள் இதை இங்கயும் வெச்சிருக்காங்க. விலைதான் மூட்டை தூக்குறவர் நினைச்சுப் பார்க்க முடியாத விலை.

இந்தப் பம்ப் ஒரு எதிர்பாராத கேள்வியை எழுப்புச்சு. சுமையை இறக்கி வெச்ச இதயம், ஓய்வுல தானே தேறுமா? 2006-ல லண்டன்ல மக்தி யாக்கூப் குழு 15 பேருக்குப் பம்போட மருந்தும் கொடுத்தாங்க. 11 பேருக்குப் பம்பைக் கழட்டுற அளவுக்கு இதயம் தேறிச்சு. அப்போ ஓய்வோட செல்லும் சேர்த்தா?

இங்கதான் ஸ்டெம் செல் உள்ள வருது. 2001-ல பியரோ அன்வெர்சா குழு, மஜ்ஜை செல்கள் எலியோட இதயத் தசையா மாறுதுன்னு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. உலகமே துள்ளிச்சு. 2005-ல எய்ம்ஸும் நோயாளிகளோட இதயத்துல மஜ்ஜை செல் செலுத்தினதா அறிவிச்சது. ஆனா 2004-லயே வேற ஆய்வகங்கள் அதே சோதனையைச் செஞ்சு பார்த்து, அப்படி எதுவும் மாறலன்னு சொல்லியிருந்தாங்க. அன்வெர்சா பின்னாடி ஹார்வர்டு போனார். அங்க அவர் ஆய்வகத்துலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறணும்னு 2018-ல ஹார்வர்டே கேட்டுக்கிச்சு. இதுல எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு: அந்த நடுவுல உலகம் முழுக்க எத்தனை பேர் நெஞ்சுல ஊசி வாங்கியிருப்பாங்க?

நேர்மையான சோதனையும் நடந்தது. 2019-ல வெளியான ஆய்வு அது. எல்வேட் வைக்கும்போதே 159 பேர்ல மூணுல ரெண்டு பங்குக்கு 15 கோடி செல்களை இதயத் தசையில போட்டாங்க. மீதிப் பேருக்கு செல் இல்லாத போலி ஊசி. அப்புறம் ஆறு மாசம் பம்போட வேகத்தை அப்பப்போ குறைச்சு, இதயம் தனியா தாக்குப்பிடிக்குதான்னு பார்த்தாங்க. செல் போட்டவங்க 61 சதவீதம், போடாதவங்க 58. அதாவது வித்தியாசம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. போலி ஊசி குழு மட்டும் இல்லாம இருந்திருந்தா, அந்த 61-ஐ வெச்சே ஒரு நோட்டீஸ் அடிச்சிருப்பாங்க. தேறினது பெரும்பாலும் ஓய்வால.

ஜப்பான்ல தொடைத் தசை செல்லை மெல்லிய தாள் மாதிரி வளர்த்து இதயத்து மேல ஒட்டுற சிகிச்சைக்கு 2015-ல நிபந்தனையோட அனுமதி கொடுத்தாங்க. பலன் நிரூபணமாகலன்னு 2024-ல அதுவும் முடிஞ்சது. ஆராய்ச்சி நிக்கல, நிக்கவும் கூடாது. ஆனா நம்ம ஐ.சி.எம்.ஆர். 2013-ல தன் வழிகாட்டுதலோட தலைப்புலிருந்தே 'சிகிச்சை'ங்கிற வார்த்தையை எடுத்துட்டு 'ஆராய்ச்சி'ன்னு மட்டும் வெச்சது. ரத்தநோய்களுக்குச் செய்யுற மஜ்ஜை மாற்று மாதிரி சிலது தவிர, மத்ததெல்லாம் அனுமதி வாங்கின ஆய்வுக்குள்ள மட்டும்தான். ஆய்வுன்னா நோயாளிகிட்ட காசு கேட்கக் கூடாது.

இதைப் பெரியம்மாகிட்ட சொன்னேன். நம்பிக்கையைப் பறிச்சவன் மாதிரிதான் பார்த்தாங்க. சரின்னு அவங்க முன்னாடியே ஸ்பீக்கர் போட்டு அந்த நோட்டீஸ் நம்பருக்கு அடிச்சேன்.

"இது கிளினிக்கல் ட்ரையலா மேடம்? ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன?"

"லைன்ல இருங்க சார்."

பாட்டு ஓடிச்சு. ஆறு நிமிஷம். கட் ஆயிடுச்சு. பெரியம்மா எதுவும் பேசாம பத்திரத்தை எடுத்து பீரோவுல வெச்சாங்க. பெரியப்பா இப்போ மண்டியில உட்கார்ந்து எடைச் சீட்டு எழுதுறார். மாத்திரையை வேளை தவறாம போடுறார். அடுத்த எக்கோ தை மாசம்.