ஷெட்லாந்துக் கையுறையும் மாதர் உழைப்பும்

குளிர்நாட்டு மாதர் அணியும் லேஸ் கையுறையை முதன்முறை காண்போருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. துளைத் துளையாய் இருக்கும் இது எங்ஙனம் குளிரைத் தாங்கும்? நூல் கம்பளி நூலாதலால், அதன் மெல்லிய இழைகளிடையே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. அக்காற்றே உடலின் சூட்டை வெளியேற விடாது காக்கிறது. அழகும் கதகதப்பும் ஒருங்கே அமைந்த இக்கலையில் பெரும்புகழ் பெற்றவர்கள் ஷெட்லாந்துத் தீவு மாதர்கள். அவர்தம் வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடலின் நடுவே உள்ளவை ஷெட்லாந்துத் தீவுகள். மரங்கள் அரிது, காற்றோ ஓய்வதில்லை. ஆடவர் மீன்பிடிக்கக் கடல்மேற் செல்வர். சிறு நிலத்தையும் ஆடுமாடுகளையும் பேணும் பொறுப்பு பெண்டிருடையது. 17-ஆம் நூற்றாண்டிலேயே, ஹெர்ரிங் மீன்பிடிக்க வந்த டச்சுக்காரர்களுக்கு இவர்கள் கம்பளிக் காலுறைகளை விற்று வந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் லேஸ் பின்னல் தழைத்தது. வடகோடியிலுள்ள அன்ஸ்ட் தீவு இதற்குப் பெயர் பெற்றது. ஆளைப் போர்த்தும் சால்வை ஒரு திருமண மோதிரத்தினுள் நுழைந்து வருமாம்! 1851-இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியிலும் ஷெட்லாந்துச் சால்வைகள் இடம்பெற்றன.

இதன் பின்னே இருந்த உழைப்பு கொஞ்சநஞ்சமன்று. ஆட்டின் கழுத்துப் பகுதியிலுள்ள மிக மென்மையான மயிரைக் கத்தரிக்காமல், அது தானே தளரும் பருவத்தில் கையாலேயே பறித்தெடுப்பர். அதை மயிரிழை போல் நூற்பர். ஊசியின்மேல் நூலைச் சுற்றினால் ஒரு துளை பிறக்கும். அடுத்து இரு கண்களைச் சேர்த்துப் பின்னினால் கணக்குச் சரியாகும். ஒரு கண் தவறினாலும் கோலம் கெடும். கையுறையிலோ ஐந்து விரல்களையும் தனித்தனியே சுற்றிப் பின்ன வேண்டும். பின்னி முடித்ததைக் கழுவி, கை வடிவில் செய்த பலகையில் மாட்டி உலர்த்துவர். இடுப்பில் கட்டிய தோல்வாரின் துளையில் ஓர் ஊசியைச் செருகிக்கொண்டு, முதுகில் விறகாகும் கரிமண் கட்டிகளின் கூடையைச் சுமந்தபடியே, நடந்துகொண்டே பின்னினார்கள் என்றால் அவர்தம் உழைப்பை என்னென்பது!

இத்துணை உழைத்தவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன? பெரும்பாலும் காசு அன்று, கடைச் சரக்கே. பின்னியதை வாங்கிக்கொண்ட வணிகர் தேயிலையும் துணியும் கொடுத்தார். சிலருக்குக் கடன்சீட்டு மட்டுமே கிடைத்தது. அதையும் அதே கடையில்தான் மாற்ற வேண்டும். வீட்டில் மாவில்லாத பெண் என்ன செய்வாள்? கூலியாகப் பெற்ற தேயிலையை அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்து, மாவும் உருளைக்கிழங்கும் வாங்கினாள். வாடகை கொடுக்கவோ கையில் காசில்லை. சீமாட்டியின் கையைக் கதகதப்பாக்கியவளின் அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

1872-ஆம் ஆண்டு அரசு அமைத்த விசாரணைக் குழு லெர்விக் நகரில் கூடியது. ஏழைப் பின்னல்காரிகள் பலர் முன்வந்து சாட்சி சொன்னார்கள். பிழைப்பே வணிகர் கையில் இருந்த நிலையில், வாய்திறந்து உண்மை கூறுவது எளிதா? அவர்கள் கூறினார்கள், அது எழுத்திலும் ஏறியது. 1887-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டிலிருந்தே பின்னுவோர்க்கும் காசாகவே விலை தரவேண்டுமென விதித்தது. எனினும் பழைய வழக்கம் உடனே ஒழியவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் சில காலம் நீடித்தது. சட்டம் இயற்றுவது ஒன்று, அது ஏழையின் வாசலை எட்டுவது மற்றொன்று என்பது ஈண்டு நாம் கருதத்தக்கது.

இன்று அப்பழம்பின்னல்கள் அன்ஸ்ட் தீவிலும் லெர்விக் நகர அருங்காட்சியகத்திலும் பேணிக் காக்கப்படுகின்றன. 2010 முதல் அங்கே கம்பளி வாரமும் கொண்டாடப்படுகிறது. பின்னியவருள் பலருடைய பெயரை இன்று எவரும் அறியார்; அவர்தம் கைவேலையே அவர்களுக்கு நினைவுச்சின்னம்.

அன்பர்களே, பூவேலையும் பின்னலும் நம் இல்லங்களிலும் நடப்பவையே. அழகிய கைவேலையைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், அதைச் செய்த கைக்கு உரிய கூலி உரிய காலத்தில் சேர்ந்ததா என்றும் கேட்போமாக. அக்கேள்வியே உழைப்புக்கு நாம் செய்யும் முதல் மரியாதை.