பிறப்பை வென்ற மணிமேகலை

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை, ஒரு பெண்ணின் அறிவு வளர்ச்சியையே கதையாகக் கொண்ட நூல். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய இந்நூல் முப்பது காதைகளை உடையது. 1898-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் இதனைப் பதிப்பித்தார். அதே ஆண்டில்தான் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். பிறப்பினால் விதிக்கப்பட்ட வாழ்வை ஒருவர் ஏற்றே தீரவேண்டுமா என்பது பண்டிதர் எழுப்பிய வினா. அவ்வினாவை மணிமேகலையிடம் கேட்டால் அவள் தரும் விடை என்ன என்பதைக் காண்போம்.

மணிமேகலை கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள். ஆடலும் பாடலும் கொண்டு ஆடவரை மகிழ்வித்துப் பொருள் ஈட்டுவதே குலமுறை என்பது பாட்டி சித்திராபதியின் வாதம். மாதவி அதனை மறுத்து மகளை அறநெறிக்கு ஆளாக்கினாள். சித்திராபதியோ சோழ இளவரசன் உதயகுமரனைத் தூண்டிவிட்டாள். குலத்தொழில் என்னும் தளை எத்துணை வலியது என்பதற்குச் சான்று வேண்டுமா? பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

உவவனத்தில் உதயகுமரன் அவளைத் தேடி வருகின்றான். கற்பும் தவ உணர்வும் இல்லாதவள், வருணக் காப்பு இல்லாதவள், விலைக்கு உரியவள் என்று அவளை இகழ்ந்துகொண்டே விரும்புகின்றான். இகழ்ச்சியும் இச்சையும் ஒருங்கே கலந்த இப்பார்வையை நம் பெண்மக்கள் நன்கு அறிவர். இத்தனை இகழ்ந்தவன் பின்னும் தன் நெஞ்சம் சென்றதே என்று மணிமேகலை தோழி சுதமதியிடம் ஒளிக்காமல் உரைக்கின்றாள். அவள் உணர்ச்சியற்ற கற்சிலை அல்லள். தன் மனத்தை ஆராய்ந்து, தன் வழியைத் தானே தேர்ந்தவள்.

மணிபல்லவத் தீவில் அவள் அமுதசுரபியைப் பெறுகின்றாள். அப்பாத்திரத்தின் வரலாறு நம் கருத்துக்கு உரியது. அதனை முன்னர் ஏந்தியவன் ஆபுத்திரன். பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்ட அவன், ஓர் அந்தணனால் வளர்க்கப்பட்டு வேதமும் கற்றான். வேள்விப் பசுவை விடுவித்தமைக்காக அடிபட்டான். பிறப்பு வெளிப்பட்டதும் இழிந்தவன், இவனைத் தீண்டாதீர் எனப் பழிக்கப்பட்டு, வளர்த்தவனாலும் துரத்தப்பட்டான். அந்தணர் வாழும் ஊர்களில் அவன் பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லை இட்டனர். மதுரைக்குச் சென்ற அவன், குருடரையும் செவிடரையும் முடவரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதையே உண்டான். அவனுக்கே சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். பிறப்பால் இகழப்பட்ட ஓர் ஆடவனின் பாத்திரம், பிறப்பால் இகழப்பட்ட ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேர்கின்றது. குலப்பெருமை பேசியோர் எவர் கையிலும் சாத்தனார் அதனை வைக்கவில்லை.

அப்பாத்திரத்தைக் கொண்டு அவள் புகார் நகரில் ஏழைகளின் பசி தீர்த்தாள். சிறைக்குள்ளும் சென்று கைதிகளை உண்பித்தாள். வேண்டுவது யாது என மன்னன் வினவியபோது, சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றுமாறு கேட்டாள். அவ்வாறே மாற்றவும் செய்தாள். பின்னர் உதயகுமரன் கொலையுண்டபோது அவளே சிறைப்பட்டாள். மகனை இழந்த அரசி அவளுக்கு மயக்கமருந்து ஊட்டினாள். அவளது மானத்தை அழிக்க ஓர் இளைஞனை ஏவினாள். உணவின்றிப் புழுக்கறையில் அடைத்தாள். எதற்கும் தளராத மணிமேகலை, இறுதியில் அந்த அரசிக்கே அறம் உரைத்துத் தெளிவித்தாள்.

ஆயினும் பெண்ணுரிமை நோக்கில் இரண்டு குறைகளைக் கூறாமல் விடுதல் முறையன்று. வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளிடம் அவள் உண்மை கேட்கச் சென்றபோது, ஆண் துறவியின் வடிவம் கொண்டே சென்றாள். இளம்பெண் என்றால் எவரும் பொருளை உரைக்கமாட்டார் என்று முன்னரே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கண்ணாற் காண்பதே மெய் என்ற பூதவாதியை, உன் தாய் தந்தையரைக் கருத்தளவையால் அன்றி எங்ஙனம் அறிந்தாய் என்று மடக்கிய பேரறிவாட்டிக்கும் ஆண் வேடம் தேவைப்பட்டது! குறை அவளுடையதன்று, அவையினுடையது. மற்றொன்று, அவள் துன்பங்களுக்கு முற்பிறவி வினையைக் காப்பியம் காரணம் காட்டுவது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் முற்பிறவி வினைக் கொள்கையை மறுத்துள்ளார். ஏழ்மைக்கும் இழிவுக்கும் முற்பிறவியைக் காரணம் காட்டினால், இப்பிறவியில் அவற்றை விளைத்தோர் தப்பித்துக் கொள்வர் அல்லவா? ஆதலின் மணிமேகலையின் துணிவைக் கொள்வோம். வினைப்பயன் விளக்கத்தைத் தள்ளுவோம்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தார் எண்ண வேண்டியது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளை நிறுத்திவிட மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோர் இன்றும் உளர். வருணத்தின் பெயரால் நம்மைத் தடுத்தோரைக் கண்டிக்கும் நாம், பெண் என்னும் பெயரால் நம் வீட்டிலேயே தடை எழுப்பலாமா? சித்திராபதியின் சொல் நம் வாயிலிருந்து வருதல் தகுமா? இளைஞர்களே, உங்கள் உடன்பிறந்தாள் படிக்க விரும்பினால் அவள் பக்கம் நின்று பேசுங்கள். சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து வினவினால் அமைதியாகக் கேட்டு விடையளியுங்கள். வேற்றுரு கொள்ளாமல், தன் உருவிலேயே ஒரு மணிமேகலை நம் அவையில் பேசும் நாளே இச்சங்கத்தின் உண்மையான விழா நாள்.