ஆழ்கற்றல் மாதிரிகளில் வேகம், செலவு, துல்லியம்: ஒரு வரலாறு

பயிற்சி முடிந்த ஓர் ஆழ்கற்றல் மாதிரியிடம் புதிய படத்தையோ ஒலியையோ கேள்வியையோ கொடுத்து விடை பெறுவது உய்த்தறிதல் எனப்படும். இந்த விடையை விரைவாகவும் குறைந்த செலவிலும் துல்லியம் கெடாமலும் பெறுவதற்கான முயற்சிகள் 1980களின் இறுதியிலிருந்து நடைபெற்று வருகின்றன. இம்மூன்றில் ஒன்றைக் கூட்ட முயன்றால் பெரும்பாலும் மற்றொன்று குறைகிறது என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

பயிற்சியும் உய்த்தறிதலும்

மாணவர் ஆண்டு முழுவதும் படிப்பதைப் பயிற்சிக்கும், தேர்வு அறையில் விடை எழுதுவதை உய்த்தறிதலுக்கும் ஒப்பிடலாம். ஒரு மாதிரிக்குப் பயிற்சி சில முறையே அளிக்கப்படுகிறது. ஆனால் அது விடை சொல்வதோ கோடிக்கணக்கான முறை. எனவே ஒரு விடைக்கு ஆகும் சிறு செலவும் மொத்தத்தில் பெருந்தொகை ஆகிவிடுகிறது.

மாதிரி என்பது எடைகள் எனப்படும் எண்களின் பெரிய தொகுப்பு ஆகும். ஒவ்வொரு விடைக்கும் இவ்வெண்களை நினைவகத்திலிருந்து எடுத்துப் பெருக்கிக் கூட்ட வேண்டும். இச்சுமையைக் குறைக்க முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன: எண்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், ஒவ்வோர் எண்ணும் பிடிக்கும் இடத்தைச் சுருக்குதல், கணக்கிடும் முறையையும் கருவியையும் சீராக்குதல்.

தொடக்க கால முயற்சிகள்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யான் லெக்குன் குழுவினர் 1989-இல் கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டு எண்களைப் படிக்கும் நரம்பு வலையமைப்பை உருவாக்கினர். அதே ஆண்டில் லெக்குன், ஜான் டெங்கர், சாரா சொல்லா ஆகிய மூவரும் பயிற்சி முடிந்த வலையமைப்பிலிருந்து பயன் குறைந்த எடைகளை நீக்கும் முறையை முன்வைத்தனர். தோட்டத்தில் வேண்டாத கிளைகளைக் கவாத்து செய்வது போன்றது இது. ஓர் எடை சிறியதாக இருப்பதாலேயே அதை நீக்கிவிடாமல், நீக்கினால் பிழை எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டுப் பார்த்தது இம்முறையின் சிறப்பு ஆகும்.

2006-இல் கிறிஸ்டியன் புசிலா, ரிச் கருவானா, அலெக்சாண்ட்ரு நிக்குலெஸ்கு-மிசில் ஆகியோர் வேறொரு வழியைக் காட்டினர். பல மாதிரிகள் சேர்ந்து தரும் விடைகளைப் பார்த்துப் பின்பற்றும்படி ஒரு சிறிய வலையமைப்பைப் பழக்குவது அவ்வழி. 2015-இல் ஜெஃப்ரி ஹின்டன், ஓரியோல் வின்யால்ஸ், ஜெஃப் டீன் ஆகியோர் இக்கருத்தை வளர்த்து, அறிவு வடித்தல் என்ற பெயரில் பரவச் செய்தனர். ஆசிரியராக இருக்கும் பெரிய மாதிரி, விடை எது என்பதோடு பிற விடைகளுக்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதையும் மாணவ மாதிரிக்குத் தெரிவிக்கிறது.

2012-க்குப் பின்

2012-இல் அலெக்ஸ்நெட் என்னும் மாதிரி படங்களை இனங்காணும் இமேஜ்நெட் போட்டியில் பெருவெற்றி பெற்றது. அதில் ஏறத்தாழ 6 கோடி எடைகள் இருந்தன. 2014-இல் வெளிவந்த விஜிஜி-16 மாதிரியில் இது 13.8 கோடி ஆனது. ஓர் எடைக்கு 4 பைட்டு வீதம் அலெக்ஸ்நெட்டுக்கு மட்டும் 240 மெகாபைட் இடம் தேவைப்பட்டது. கைப்பேசிச் செயலி ஒன்றுக்கு அன்று இது பெருஞ்சுமை.

சோங் ஹான், ஹுய்சி மாவ், வில்லியம் டாலி ஆகியோர் 2015-இல் கவாத்து, எண்களைச் சில பொது மதிப்புகளாகத் தொகுத்தல், 1952-ஆம் ஆண்டின் ஹஃப்மன் குறியீட்டு முறை ஆகிய மூன்றையும் இணைத்தனர். அலெக்ஸ்நெட் 240 மெகாபைட்டிலிருந்து 6.9 மெகாபைட்டாகச் சுருங்கியது. சோதனையில் துல்லியம் குறையவில்லை.

2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட மொபைல்நெட், தொடக்கத்திலேயே சிறியதாக வடிவமைக்கப்பட்டது. 42 லட்சம் எடைகளுடன் இமேஜ்நெட் சோதனையில் 70.6 விழுக்காடு துல்லியத்தை அது எட்டியது. பல மடங்கு பெரிய விஜிஜி-16 பெற்றது 71.5 விழுக்காடு.

தனிச் சில்லுகள்

மக்கள் நாள்தோறும் 3 நிமிடம் குரல்வழித் தேடலைப் பயன்படுத்தினால் தரவு மையங்களின் திறனை இரு மடங்காக்க வேண்டியிருக்கும் என்று 2013-இல் கூகுள் கணித்தது. இதன் விளைவாக உய்த்தறிதலுக்கென்றே உருவாக்கப்பட்ட டிபியு சில்லு, 2015-இல் அந்நிறுவனத்தின் தரவு மையங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் 65,536 பெருக்கல் அலகுகள் இருந்தன. அவை 32 பிட் பின்ன எண்களுக்குப் பதிலாக 8 பிட் முழு எண்களைக் கையாண்டன. 3.14159 என்பதற்குப் பதில் 3.14 என்று வைத்துக் கணக்குப் போடுவதைப் போன்ற இந்தத் தோராயம் பெரும்பாலான பணிகளுக்குப் போதுமானதாக இருந்தது.

இங்கே இன்னொரு சிக்கலும் எழுகிறது. பல கேள்விகளைச் சேர்த்து ஒரே தொகுதியாகக் கணக்கிட்டால் செலவு குறையும். ஆனால் ஆள் சேரும் வரை நிற்கும் ஷேர் ஆட்டோவில் முதலில் ஏறியவர் காத்திருப்பது போல, முதலில் கேட்டவருக்கு விடை தாமதமாகும். எனவே தொகுதியின் அளவைக் காத்திருக்கும் நேரத்தோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டியுள்ளது. 2019-இல் முதல் முடிவுகளை வெளியிட்ட எம்எல்பெர்ஃப் உய்த்தறிதல் அளவுகோல், துல்லிய இலக்கை எட்டிய பின்னரே வேகத்தை ஒப்பிடும் விதியைப் பொதுவாக்கியது.

பெருமொழி மாதிரிகள்

2020-இல் வெளிவந்த ஜிபிடி-3 மாதிரியில் 17,500 கோடி எடைகள் உள்ளன. ஓர் எடைக்கு 2 பைட்டு என்றாலும் மொத்தம் 350 கிகாபைட் ஆகிறது. இத்தகைய மாதிரிகள் விடையைத் துண்டு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்குகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் எடைகளை நினைவகத்திலிருந்து மீண்டும் எடுக்க வேண்டியிருப்பதால், கணக்கிடும் வேகத்தைவிட நினைவகத்தின் வேகமே பெரும்பாலும் தடையாகிறது.

இத்தடையைக் குறைக்க 2022-இலும் 2023-இலும் பல முறைகள் வந்தன. 2022-இல் டிரை டாவோ குழுவினரின் ஃப்ளாஷ்அட்டென்ஷன், நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான போக்குவரத்தைக் குறைத்தது. அதே ஆண்டில் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த ஊக முறையில், சிறிய மாதிரி சில துண்டுகளை முன்கூட்டியே எழுதுகிறது. பெரிய மாதிரி அவற்றை ஒரே முறையில் திருத்துகிறது. 2023-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் விஎல்எல்எம், இயங்குதளங்களில் வழங்கிவந்த பக்க முறையைப் பின்பற்றி நினைவக வீணடிப்பைக் குறைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் பல்கேரியரான கியோர்கி கெர்கனோவ் தொடங்கிய லாமா.சிபிபி திட்டம், எடைகளை 4 பிட்டாகச் சுருக்கிச் சாதாரண மடிக்கணினியிலும் மொழி மாதிரிகளை இயங்கச் செய்தது.

சராசரி மறைப்பவை

துல்லியம் குறையவில்லை என்ற கூற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். சாரா ஹூக்கர் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கவாத்து செய்த மாதிரியின் சராசரித் துல்லியம் ஏறத்தாழ அப்படியே இருந்தாலும், இழப்பு எல்லா வகைப் படங்களுக்கும் சமமாகப் பரவவில்லை. அரிதான, வழக்கத்துக்கு மாறான படங்களிலேயே பிழை மிகுந்தது. வகுப்பின் சராசரி மதிப்பெண் மாறாதிருக்க, கடைசி வரிசை மாணவர் சிலர் மட்டும் தோற்றுப்போவதற்கு இது ஒப்பானது.

மொழிகளிலும் இதே நிலை காணப்படுகிறது. 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எண்களைச் சுருக்கும்போது இலத்தீன் அல்லாத எழுத்துகளைக் கொண்ட மொழிகளே அதிகம் பாதிக்கப்படுவதாகக் கண்டது. இயந்திரச் சோதனைகள் காட்டியதைவிட மனிதர்கள் படித்து மதிப்பிட்டபோது இழப்பு பெரிதாகத் தெரிந்தது.

தமிழுக்குச் செலவிலும் ஒரு சுமை உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு போதும். தமிழில் 'கி' என்ற ஓர் எழுத்து, ககரமும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட்டு ஆகிறது. பெரும்பாலும் ஆங்கில உரையைக் கொண்டு துண்டாக்கும் முறை வகுக்கப்பட்ட மாதிரிகளில், ஒரே பொருளுடைய தமிழ் வாக்கியம் ஆங்கில வாக்கியத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைகிறது. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறும் சேவைகளில் விடை தாமதமாவதோடு விலையும் கூடுகிறது. தமிழ் உரையையும் போதிய அளவில் சேர்த்துத் துண்டாக்கும் முறையை அமைத்தால் இச்சுமை குறையும்.

எனவே சுருக்கப்பட்ட ஒரு மாதிரி விரைவானது, மலிவானது, துல்லியமானது என்று கூறப்பட்டால், அத்துல்லியம் எந்த மொழியில், எத்தகைய கேள்விகளைக் கொண்டு, யாரால் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும்.