பூதவுடலும் புகழுடலும்: பிங்க் புளொயிட் கண்காட்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இன்று இலண்டன் தென் கென்சிங்டனில் அமைந்துள்ள விக்டோரியா அல்பேட் நூதனசாலை 1852ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டதாகும். அதற்கு முந்திய ஆண்டில் நடைபெற்ற உலகப் பெரும் பொருட்காட்சியின் வழியாகவே அது பிறந்தது. கைவினைஞரும் உற்பத்தியாளரும் சிறந்த வடிவமைப்புகளைக் கண்ணாரக் கண்டு பயில வேண்டும் என்பதே அதன் தொடக்ககால நோக்கம். அத்தகைய நிறுவனம் 2017ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி ஒரு றொக் இசைக்குழுவின் வரலாற்றுக்குத் தன் மண்டபங்களைத் திறந்துவிட்டது. 'அவர்களது பூதவுடல்' எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கிய அக்கண்காட்சி, பிங்க் புளொயிட் குழுவினர் தம் முதல் தனிப்பாடல் இசைத்தட்டை வெளியிட்டு ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி அமைந்தது. மரண அறிவித்தல்களில் நாம் நாளும் காணும் ஒரு சொல்லை, குழுவினருள் மூவர் உயிரோடிருக்கும்போதே தலைப்பாக்கியமை அவர்களுக்கே உரிய எள்ளல் எனலாம்.

இசைக்குழுவொன்றின் வரலாற்றை நூதனசாலையிற் காட்டுதல் எளிதன்று. இசை ஒலித்து அடங்கிவிடும். எஞ்சுபவை கருவிகளும் உடைகளும் தாள்களுமே. எனினும் பிங்க் புளொயிட் இவ்வகையில் ஏனைய குழுக்களின்று வேறுபட்டது. 1965இல் இக்குழு உருப்பெற்றபோது றொஜர் வோட்டர்ஸ், நிக் மேசன், றிச்சட் றைட் ஆகிய மூவரும் இலண்டன் றீஜன்ட் வீதிப் பொலிரெக்னிக்கில் கட்டடக்கலை பயின்று ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சிட் பறெட் ஓவிய மாணவர். எனவே மேடையை ஒரு கட்டடமாகவும், இசைத்தட்டின் உறையை ஓர் ஓவியமாகவும் அவர்கள் கருதியமை வியப்பன்று. 1970இல் வெளிவந்த இசைத்தட்டின் முன்னுறையில் ஒரு பசு மாத்திரமே நின்றது. குழுவின் பெயர்கூட இல்லை. 1973இல் முப்பட்டகம், 1977இல் மின்நிலையம், 1979இல் வெண்சுவர் என உறைகள் அமைந்தன. முகங்களை மறைத்துப் பொருள்களை முன்னிறுத்திய குழுவாதலின், நூதனசாலைக்கு வேண்டியவற்றை அவர்கள் தாமறியாமலே சேர்த்துவைத்தனர் என்பது எமது கருத்து.

காட்சிக்கு வைக்கப்பட்ட 350க்கும் மேற்பட்ட பொருள்களுள் இரண்டு வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியன. கேம்பிறிட்ஜில் வோட்டர்ஸ் பயின்ற ஆண்கள் பாடசாலையின் பிரம்பும் தண்டனைப் பதிவேடும் அவற்றுள் ஒன்று. பின்னர் எழுந்த சுவரின் ஒரு கல்லாக ஆசிரியரின் கொடுமையைப் பாடியவர் வோட்டர்ஸ். பாட்டை மிகைப்படுத்தல் என ஒதுக்குவோருக்கு அப்பதிவேடு ஒரு மறுமொழி. மற்றையது 'அசிமத் கோ-ஓடினேற்றர்' என்ற கருவி. அபி றோட் ஒலிப்பதிவுக்கூடத்தைச் சேர்ந்த பேணாட் ஸ்பெயிற் என்னும் பொறியியலாளர் ஆக்கிய இப்பெட்டியிலுள்ள பிடியை அசைத்து, ஒலியை மண்டபத்தின் நான்கு பக்கங்களிலும் சுழலச் செய்யலாம். 1967 மே 12இல் குயீன் எலிசபெத் மண்டபத்தில் முதற்பெட்டி பயன்பட்டது. நிகழ்ச்சியின் பின் அது திருட்டுப்போயிற்று. 1969இல் பயன்பட்ட இரண்டாவது பெட்டியே இந்நூதனசாலையைச் சேர்ந்தது. கண்ணாடிக்குள் அது ஊமையாக இருக்கிறது. இக்குறையை ஏற்பாட்டாளர்களும் உணர்ந்திருத்தல் வேண்டும். பார்வையாளர் ஒவ்வொரு பகுதியையும் அணுகும்போது அதற்குரிய இசை தானாக ஒலிக்கும் வண்ணம் காதிற் பொருத்தும் கருவிகளை வழங்கினர்.

பன்றியின் கதை சற்று வேடிக்கையானது. 1976 டிசம்பரில் இலண்டன் பற்றசீ மின்நிலையத்தின் புகைபோக்கிகளுக்கிடையே காற்றடைத்த பெரும் பன்றியொன்றைப் பறக்கவிட்டுப் படம் எடுக்க முனைந்தனர். முதல் நாள், அது அறுந்தோடினாற் சுட்டு வீழ்த்தவெனத் துப்பாக்கிவீரர் ஒருவர் நிறுத்தப்பட்டிருந்தார், மறுநாள் அவர் இல்லை, பன்றியும் அறுந்தோடிற்று. விமானப் பாதையைக் கடந்து கென்ற் பகுதியிலுள்ள பண்ணையொன்றில் அது வீழ்ந்தது. இறுதியில் உறையில் இடம்பெற்றது, மின்நிலையத்தின் படத்தோடு பன்றியின் படத்தைப் பொருத்தி ஆக்கப்பட்டதொன்றாகும். புகைப்படத்தை ஐயத்துக்கிடமற்ற முதன்மைச் சான்றாகக் கொள்வோர் இதனை மனங்கொள்க.

பொருள்கள் இவ்வளவு பேசுமாயினும், அவை பேசாத இடமும் உண்டு. 1980, 1981ஆம் ஆண்டுகளில் 'சுவர்' நிகழ்ச்சி நான்கு இடங்களில் மாத்திரமே நடைபெற்றது. இசைஞருக்கும் அவையோருக்கும் இடையே நாற்பது அடி உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளால் ஒரு சுவர் எழுப்பப்பட்டு, ஈற்றில் தகர்க்கப்பட்டது. ஜெறால்ட் ஸ்காவ் வரைந்த ஆசிரியர் உருவம் பேருருவப் பொம்மையாகத் தொங்கியது. இவையெல்லாம் காட்சிக்கு உகந்தவை. ஆனால் அம்மேடையில் றைட் குழுவின் உறுப்பினராக நிற்கவில்லை. 1979இல் வோட்டர்ஸின் வற்புறுத்தலால் விலக்கப்பட்ட அவர், கூலி பெறும் இசைஞராகவே வாசித்தார். நிகழ்ச்சி நட்டத்தில் முடிந்தது; நட்டத்தை ஏனைய மூவரும் சுமக்க, ஊதியம் பெற்றவர் றைட் ஒருவரே. இதனை எப்பொம்மை காட்டும்? 1985இல் வோட்டர்ஸ் விலகியதும், பெயரின் உரிமை குறித்து 1986இல் வழக்குத் தொடர்ந்ததும், 1987 டிசம்பரில் இணக்கம் ஏற்பட்டதும் தாள்களின் வரலாறு. தாள்களோ கண்ணைக் கவர்வதில்லை.

இங்கு ஒரு வினா எழுகின்றது. இக்கண்காட்சியின் ஆக்கத்தில் மேசன் ஆலோசகராகப் பங்குகொண்டார். உறைகளை வடிவமைத்த ஹிப்நோசிஸ் நிறுவனத்தின் ஓபிறி பவல் அதனை நெறிப்படுத்தினார். சுவரைக் கட்டிய மார்க் பிஷர் 2013இல் மறைந்தாராயினும், அவர் நிறுவிய ஸ்ரூபிஷ் நிறுவனமே மண்டபங்களை அமைத்தது. வரலாற்றின் பாத்திரங்களே வரலாற்றாசிரியராகவும் ஆவணக் காப்பாளராகவும் அமையுமிடத்து, நமக்குக் கிடைப்பது மெய்க்கீர்த்தியை ஒத்ததாகும். மெய்க்கீர்த்தி பொய்யன்று. அதிலுள்ள பெயர்களும் வெற்றிகளும் பெரும்பாலும் உண்மையே. தோல்விகளை அரசன் கல்லில் வெட்டுவிப்பதில்லை என்பதை மாத்திரம் வாசிப்போர் மறத்தலாகாது. இவ்வுணர்வோடு நோக்குவோர்க்கு இக்கண்காட்சி பெரும் பயன் தருவதே.

இலண்டனின் பின் இக்கண்காட்சி 2018இல் றோமுக்கும் அதே ஆண்டில் ஜேர்மனியின் டோட்மண்டுக்கும் 2019இல் மட்றிட்டுக்கும் சென்றது. 2021இல் லொஸ் ஏஞ்சலஸ், 2022இல் மொன்றியல், 2023இல் ரொறொன்ரோ எனப் பயணம் நீண்டது. இவற்றுள் டோட்மண்டும் மொன்றியலும் தனிக்கவனத்துக்குரியன. 1981 பெப்ரவரியில் சுவர் எழுந்து வீழ்ந்த நகரங்களுள் டோட்மண்ட் ஒன்று. மொன்றியலிலோ, 1977 ஜூலை 6இல் ஒலிம்பிக் அரங்கில், ஆரவாரித்த இரசிகர் ஒருவர்மீது வோட்டர்ஸ் உமிழ்ந்தார். பின்னர் தம் செயலுக்கே அஞ்சி, தமக்கும் அவையோருக்கும் இடையே ஒரு சுவரைக் கற்பனை செய்தார்.

இலண்டனில் பார்வையாளர் கண்ட கடைசி அறையில், 2005 ஜூலை 2இல் ஹைட் பூங்காவில் நால்வரும் இணைந்து வாசித்த காட்சி சூழொலியோடு ஓடியது. 1981க்குப் பின் டேவிட் கில்மோர், வோட்டர்ஸ், மேசன், றைட் ஆகியோர் ஒரே மேடையில் நின்றது அன்றேயாகும். பறெட் 2006இலும் றைட் 2008இலும் மறைந்தனர். கதையை அங்கே முடித்தமை ஏற்பாட்டாளரின் தெரிவு. வரலாறு அங்கே முடியவில்லை. 2022 ஏப்ரலில் உக்ரேன் மக்களுக்கு ஆதரவாகக் கில்மோரும் மேசனும் பிங்க் புளொயிட் என்ற பெயரில் ஒரு புதிய பாடலை வெளியிட்டனர். வோட்டர்ஸ் அதில் இல்லை. அதே ஆண்டு நவம்பரில், சுவருக்கு வித்திட்ட மொன்றியலில் கண்காட்சி திறக்கப்பட்டது.