குழந்தைப் பாடலில் ஒலிவிளையாட்டும் மொழிபெயர்ப்பும்: கிந்தரி ஜோகி காட்டும் நெறி

குழந்தை இலக்கியத்தை மொழிபெயர்ப்போர்க்குப் பெரிதும் இடர் தருவன, பொருளினும் ஒலி மேலோங்கி நிற்கும் தொடர்களாகும். இரட்டைக்கிளவி, எதிரொலிச்சொல், புனைந்த பெயர் ஆகியவற்றுக்கு அகராதி போதிய துணை செய்வதில்லை. இத்தகைய இடங்களில் பெயர்க்கப்பட வேண்டியது சொல்லா, அதனை ஆக்கிய உத்தியா என்னும் வினா எழுகிறது. மைசூருவைத் தம் வாழ்விடமாகக் கொண்ட குவெம்புவின் (1904-1994) 'பொம்மனஹள்ளிய கிந்தரிஜோகி' என்னும் கன்னடக் கதைப்பாடல் இதற்கு விடை தருகிறது.

இதன் மூலம் இராபர்ட் பிரௌனிங் 1842இல் வெளியிட்ட, ஹாமலின் நகரக் குழலூதியைப் பற்றிய ஆங்கிலப் பாடல். நடிகர் மெக்ரெடியின் நோயுற்ற மகனுக்காக அது எழுதப்பட்டது. குவெம்பு ஊரைக் கன்னட நாட்டுக்கு மாற்றினார்; குழலூதியைக் கிந்தரி மீட்டும் ஜோகியாக்கினார். எலிக்கூட்டத்தை உறவுமுறை சொல்லி அடுக்கும் பகுதியில் அவரது திறன் தனித்து விளங்குகிறது. 'அங்கிள்', 'கசின்' என்னும் ஆங்கிலப் பொதுப்பெயர்களை அவர் அப்படியே பெயர்க்கவில்லை. அண்ணன், தம்பி, மாமன், மைத்துனன் எனக் கன்னடக் குடும்பம் பகுத்துணரும் உறவுகளை நிரல்படுத்தி, ஒவ்வொன்றனோடும் 'இலி' (எலி) என்பதைப் புணர்த்தார். கன்னடத்தில் நிலைமொழி ஈற்றுயிர் கெடுவதால் அண்ணிலி, அக்கிலி, மாவிலி என்பன ஒவ்வொன்றும் நான்கு மாத்திரையாய் ஒத்து நடக்கின்றன.

தமிழும் கன்னடமும் ஒரே குடும்ப மொழிகள். ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்திய மொழிப்பரப்பின் பொதுக்கூறு என்பதை எமனோ 1969இல் விளக்கினார். தமிழின் 'எலிகிலி' கன்னடத்தில் 'இலிகிலி' ஆகும். எனினும் இவ்வொற்றுமையே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றவும் கூடும். மேற்கண்ட பெயர்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அண்ணனெலி, தம்பியெலி, அக்காவெலி என அமையும். தமிழில் ஈறு கெடாது நிற்பதாலும் உடம்படுமெய் தோன்றுவதாலும் முன்னிரண்டும் ஐந்து மாத்திரையும் இறுதியது ஆறு மாத்திரையும் பெறுகின்றன. பொருள் சிதையவில்லை, ஆயின் எலிகளின் ஓட்டம் தடைப்படுகிறது.

சொற்களின் வரிசையை மாற்றினால் இக்குறை நீங்கும். எலியண்ணன், எலியக்கா, எலித்தம்பி, எலிமாமன், எலிமச்சான் ஆகிய ஐந்தும் ஆறு மாத்திரை பெறுகின்றன. ஐகாரக்குறுக்கம் கொண்டால் எலித்தங்கையும் இவற்றோடு ஒக்கும். பெயர் முன்னும் முறைப்பெயர் பின்னும் நிற்கும் இவ்வமைப்பு, நிலவை அம்புலிமாமா என்றழைக்கும் தமிழ்க் குழந்தைக்குப் புதியதன்று.

ஆங்கிலத்திலிருந்து கன்னடத்திற்குப் பெயர்த்தபோது குவெம்பு மேற்கொண்ட உரிமை, கன்னடத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர்க்கும் வேண்டும். மொழிகள் நெருங்கியவை என்பதால் அத்தேவை குறைவதில்லை. குழந்தைப் பாடலை மொழிபெயர்ப்பவர் சொல்லின் பொருளோடு அதன் மாத்திரையையும் எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது. ஏனெனில் அதன் முதல் வாசகர் அதைப் படிப்பவர் அல்லர், கேட்பவர்.